மண்டபத்துக் கரிசாலை

"இனிமே வீட்டுல வச்சே பாத்துக்கங்கம்மா" என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றி இறக்கியவன் சுந்தரபாண்டி. குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. கை கால் சூம்பி, வயிறு மட்டும் வீங்கி, கண் மஞ்சளாகக் கிடந்தான்.

"மஞ்சக் கரிசலாங்கண்ணிய அரைச்சு மோர்ல குடு" என்று வத்திராயிருப்பிலிருந்து அவன் அக்கா துர்காதேவி போனில் சொன்னாள்.

அவன் பெண்டாட்டி மாரிக்கனி தேடாத இடமில்லை. கண்மாயே வெடித்துக் கிடக்கிற ஊரில் ஈரத்துக் கீரைக்கு எங்கே போவது? கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், குழாய்த் தண்ணீர் குடித்துப் பச்சைப் பாயாகப் படர்ந்திருந்தது. மேலெல்லாம் மஞ்சள் பூ. வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பை நிறையப் பறித்து வந்தாள்.

தினமும் வெறும் வயிற்றில் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தான். இமையை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் வெளுத்திருக்குல்ல?" என்பாள்.

துர்காதேவி ஈரத்துணியில் ஒரு கட்டுச் செடியோடு வந்து இறங்கினாள். இரண்டையும் முறத்தில் பரப்பினார்கள். பூ அச்சு அசலாக ஒன்றுபோலிருந்தது. இலைதான் வேறு. துர்காதேவி கொண்டுவந்த இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரத்தது. மண்டபத்து இலை அகலமாகப் பளபளத்தது. நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது.

"அடியே, இது அழகுக்கு வைக்கிற செடியில்ல? இதையா குடுத்த?"

மாரிக்கனி இரண்டு இலையையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள்.

"அவள ஏசாதக்கா" என்றான் கட்டிலில் கிடந்தவன். "அந்த மண்டபத்துக்கு நர்சரிச் செடி லோடு எறக்குனதே நாந்தான்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"எதக் குடிச்சா என்ன புள்ள. என் கண்ணப் பாக்கைல ஒம் மொகம் கொஞ்சம் தெளியும். அதுக்குத்தான்."

மாரிக்கனி நல்ல செடியை அலசி, அம்மியில் வைத்து அரைத்தாள். முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. அடுத்ததை ஓங்கரித்துத் துப்பினான். பச்சைச் சாற்றோடு ரத்தமும் வந்தது. ஆட்டோ கூப்பிட ஓடிய அக்காவை, வேண்டாமென்று கையசைத்துத் தடுத்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமையை அவன் தாண்டவில்லை.

எடுத்துப் போனபிறகு, "நான் முன்னாடியே கொண்டாந்திருக்கணும்" என்று துர்காதேவி தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

மாரிக்கனி அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"எதக் குடுத்திருந்தாலும் இம்புட்டுத்தான் மைனி."