வேறொரு கணினியில்

"பிளக்கைப் புடுங்காதீங்க அத்தான்!" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் அத்தான் பிடுங்கிவிட்டார். மேசைமேல் இருந்த திரை ஒருமுறை வெளிறி அணைந்தது.

கூடத்தில் அக்காவைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. சுவரோரம் நின்ற அவளுடைய கணினி மேசைதான் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"முறையா ஆஃப் பண்ணிட்டுத்தான் வயரைத் தொடணும்னு அவ எத்தனை தடவை சொல்லியிருக்கா."

"சொன்னா. சொல்ல முடியாதப்போ எழுதிக் காட்டினா. நான் எப்பக் கேட்டேன்?" என்றார் அத்தான். முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கை. வயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே ஒரே அளவு வளையங்களாகச் சுற்றி முடிச்சுப் போட்டது. முடிச்சுப் போட்ட பிறகும் அதைக் கீழே வைக்காமல் நின்றார்.

இருவருமாக மேசையைத் தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார்கள். மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகம் சரிந்து விழப்போனது. தம்பி அதை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். வெளியில் அவனை 'சார்' என்பார்கள். இந்த வீட்டில் மட்டும் தம்பி. அவனைவிட அக்கா எட்டு வயது மூத்தவள். நேற்று மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இறந்துபோனாள்.

பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு இருபது வருடம் படம் வரைந்தவள் அவள். பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்கள், பேச்சு வராத குழந்தைகள் எல்லோருக்குமாக ஃபிளாஷ் என்ற மென்பொருளில் நாற்பத்து மூன்று பாடங்கள் செய்திருந்தாள். திரையில் ஒரு வாய் மட்டும் இருக்கும். எந்த எழுத்துக்கு உதடு எப்படிக் குவியும், நாக்கு எங்கே தொடும் என்று அது மெதுவாகக் காட்டும். கூடவே அக்காவின் குரல்.

வாய் தம்பியுடையது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே மேசை விளக்கைத் திருப்பிவைத்து வரைந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த முன்பல்லை முழுசாக வரையச் சொல்லிக் கெஞ்சினான். "போடா, முழுசா வரைஞ்சா விளம்பரத்துல வர்ற வாய் மாதிரி ஆயிடும். உடைஞ்ச பல்லு இருந்தாத்தான் ஒரு ஆள் பேசற மாதிரி இருக்கும்" என்றாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும்தான் பேச்சு. பலகையிலும் அவள் வாய் ஓயவில்லை. அத்தானுக்கு 'காது', தம்பிக்கு 'மக்கு', வந்துபோகும் நர்ஸுக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர் வைத்து எழுதினாள்.

ஃபிளாஷின் காலமோ எப்போதோ முடிந்திருந்தது. எந்த உலாவியிலும் அது ஓடுவதில்லை. நிலையத்தில் இணையத்தோடு சேர்க்காத ஒரே ஒரு பழைய கணினி மட்டும் அந்தப் பாடங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். புதுக் கணினியில் பாடங்கள் ஓட வேண்டுமானால், சொடுக்கியதும் தானே திறக்கும் தனிச் செயலியாக ஒவ்வொன்றையும் மாற்றியாக வேண்டும். அதைச் செய்துதரும் மென்பொருள்கள் மூன்று அக்காவுக்குக் கிடைத்தன. படுத்துக்கொண்டே மூன்றையும் சோதித்தாள். அவற்றின் உண்மையான பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று நோட்டில் தானே பெயர் வைத்திருந்தாள்.

நோட்டீஸ்காரன்: திறக்க நாலு நொடி. உதட்டுக்குக் குறுக்கே 'சோதனைப் பதிப்பு' என்று பட்டை ஒட்டுகிறான். வாய்க்குப் பிளாஸ்திரி. வேண்டாம்.

மூட்டைதூக்கி: திறக்க முப்பத்தெட்டு நொடி. சுற்றிலும் சாம்பல் ஓரம். அசிங்கம். ஆனால் கொடுத்ததையெல்லாம் சுமக்கிறான்.

மேனாமினுக்கி: இரண்டு நொடி. முழுத் திரை. அழகு. அழகாக இருப்பதாலேயே சந்தேகம்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டங்கள்: அளவு, ஓரம், விசைப்பலகை, சத்தம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'வேற கம்ப்யூட்டர்ல'. அந்தக் கட்டம் தம்பியின் அச்சகத்திலிருந்து வந்தது. தட்டச்சு செய்தவரே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. எழுதியவர் கண், தாளில் இருப்பதைப் பார்க்காது. மனசில் இருப்பதைத்தான் பார்க்கும். அவன் எப்போதோ சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டாள். செய்த கணினியில் எது ஓடினாலும் கணக்கில்லை என்பாள்.

நேற்று நண்பகலில் நிரப்பாமல் இருந்தது ஒரே ஒரு கட்டம். மேனாமினுக்கிக்கு எதிரே, கடைசியில்.

அத்தான் ஆக்சிஜன் உருளை மாற்றப் போயிருந்தார். தம்பி முதல் பாடத்தை மேனாமினுக்கியில் திறந்து, திரையைக் கூடத்துக் கட்டிலில் கிடந்த அக்காவின் பக்கம் திருப்பினான். உடைந்த பல்லோடு அந்த வாய் திரை முழுக்க மலர்ந்தது. "உதட்டை மூடுங்க. மெதுவாத் திறங்க. மா" என்றது அவளுடைய பழைய குரல். அக்கா தலையணையில் கன்னத்தை அழுத்திக் கேட்டாள். பிறகு பலகையை எடுத்தாள்.

'வேற மெஷின்ல?'

மேல்வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தது. போய் வரப் பத்து நிமிடம் ஆகும். அவளுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் காலையிலிருந்தே அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அது நீண்டுகொண்டே போனது.

"பாத்துட்டேன்க்கா. நீ தூங்கினப்போ மேல போயிட்டு வந்தேன்."

'சத்தம்?'

"கணீர்னு கேக்குது."

அவள் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்தாள். நோட்டை விரலால் காட்டினாள். அவன் பேனாவைத் திறந்து, அவள் பார்க்கப் பார்க்க அந்தக் கட்டத்தில் சரி என்று ஒரு கோடு இழுத்தான். அவள் கை நீட்டி நோட்டை வாங்கித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நிலையத்தின் பயிற்சியாளர் பார்க்க வந்தார். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். போகும்போது, மேனாமினுக்கியில் மாற்றிய பாடங்கள் இருந்த பென் டிரைவை அவரிடம் கொடுத்து, எல்லாம் ஓடுகிறது என்று சொல்லி, தம்பி வாசல்வரை இறங்கிப்போனான். படிக்கட்டில் டீச்சர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்கக் கூடாத வீட்டில் சிரித்துவிட்டவர்போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க பல்லைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எங்க நிலையத்துல உங்க வாயைத் தெரியாதவங்க யாருமே இல்ல."

மேலே வந்தபோது நோட்டு மூடியிருந்தது. போர்வைமேல் ஒரு பென்சில் கிடந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பலகையைக் கேட்கவில்லை.

இன்று பதினொரு மணிக்கு டீச்சர் மறுபடியும் வந்தார். கூடத்தில் மடக்கு நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் அக்காவின் காலருகே நின்றார். பிறகு தம்பியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இன்று அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஓடுச்சா டீச்சர்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப எதுக்கு?"

"பரவால்ல, சொல்லுங்க."

டீச்சர் கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார். "வாய் நல்லா அசையுது."

"சத்தம்?"

எதிரே யாரோ தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தார்கள்.

"வரல. நாப்பத்து மூணு பாடத்தையும் திறந்து பாத்துட்டேன். புது மெஷின்ல ஸ்பீக்கர் கோளாறோன்னு வேற பாட்டு போட்டுப் பாத்தேன், கேக்குது. இதுல மட்டும் வாய் சும்மா திறந்து திறந்து மூடுது."

"பழைய மெஷின்ல இருக்குமில்ல?"

"காலைல ஒன்பது மணிக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அழிச்சுட்டுத்தான் கொடுக்கணுமாம், நானே அழிச்சேன். நீங்க ஓடுதுன்னு சொன்னதால..." என்று நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்டயும் ஓடுதுன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அதுவே போதும், விடுங்க. நிம்மதியாப் போயிருப்பாங்க."

தம்பி எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவுக்குள் எட்டிப் பார்த்தான். வயர் வளையங்கள் அணைந்துகிடந்த கணினிப் பெட்டியின்மேல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. மாடிப்படி வளைவில் தூக்குபவர்கள் திணறினார்கள். அத்தான் ஓடிப்போய், லிஃப்ட் அறைக்குள் சாமான் இறக்குவதுபோல, "தலைப்பக்கம் கொஞ்சம் உயரட்டும்... வலது தோள்... அவ்வளவுதான், இப்ப இறக்கு" என்று வழிசொன்னார். தெருவுக்கு வந்ததும்தான் தான் எதை இறக்கினோம் என்று தெரிந்தவர்போல வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வெளிச்சம் மிச்சமிருந்தது. அத்தான் நேராகச் சமையலறைக்குப் போய், வந்தவர்கள் குடித்த குவளைகளைக் கழுவ ஆரம்பித்தார். "நான் கழுவறேன் அத்தான்" என்றதும் அடுத்த குவளையை எடுத்தார்.

தம்பி வயரை அவிழ்த்து மாட்டினான். பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின; கணினி தன்னை முறையாக அணைக்கவில்லை என்று குற்றம் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் சரிபார்க்கத் தொடங்கியது. பன்னிரண்டு சதவீதம். பன்னிரண்டிலேயே வெகுநேரம் நின்றது. திரையைப் பார்க்க வேண்டாம் என்று அவன் நோட்டைத் திறந்தான்.

அவன் போட்ட சரிக்கோட்டுக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. வளைவு பாதியில் விட்டுப்போய், கீழே புள்ளி மட்டும் அழுத்தமாக விழுந்திருந்தது.

மெய்ப்புத் தாளில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டால், தவறு என்று அர்த்தமில்லை. இன்னொரு முறை பார் என்று அர்த்தம். இதையும் அவன்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கணினி திறந்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா வாயை ஒரு கோப்பிலும், தன் குரலைத் தனித்தனித் துண்டுகளாக வேறொரு கோப்புறையிலும் வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். வாய் திறக்கும்போது பாடம் அந்தக் கோப்புறையிலிருந்து குரலை எடுத்துக்கொள்ளும். மேனாமினுக்கி வாயை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. இந்தக் கணினியில் கோப்புறை பக்கத்திலேயே இருந்ததால் நேற்று கணீரென்று கேட்டது. நோட்டின் முந்தைய பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'மூட்டைதூக்கியில் குரல்களைப் பட்டியலில் சேர்க்கணும். தானா எடுக்க மாட்டான். சொன்னாத்தான் செய்வான், நம்ம காது மாதிரி.'

அவன் மூட்டைதூக்கியைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டையும் பட்டியலில் சேர்த்தான். ஒருமுறைக்கு இருமுறை எண்ணினான். செயலி உருவானதும் குரல் கோப்புறையின் பெயரை மாற்றிவைத்தான், பாடம் அதைத் தேடிப் பிடிக்காதபடி. சொடுக்கினான். முப்பத்தெட்டு நொடி. சாம்பல் ஓரத்துக்கு நடுவே வாய் வந்தது.

"உதட்டை மூடுங்க. மெதுவாத் திறங்க. மா."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

பாடம் பதிலுக்காகக் காத்திருந்தது. அப்படித்தான் அவள் செய்திருந்தாள். சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும், பத்து நொடிக்குள் யாரும் அழுத்தாவிட்டால் குரல் மறுபடி வரும்.

"அவசரமில்ல. இன்னொரு தடவை."

அத்தான் வரவில்லை. சற்று நேரம் கழித்துக் குழாய் மறுபடி திறந்தது. முன்பைவிட வேகமாகத் தண்ணீர் விழுந்தது. தம்பி சத்தத்தைக் குறைக்காமல் அடுத்த பாடத்துக்குப் போனான்.

மறுநாள் காலை நிலையத்தில் முதல் ஆளாக ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து பேச்சு போனவர். பக்கத்தில் அவர் மனைவி.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா வாய் மூட மாட்டாரு, ஊர்ல இருக்கற எல்லாரையும் திட்டுவாரு," என்றாள் தம்பியிடம். "ஒருநாளாவது சும்மா இருங்கன்னு நானே சொல்லியிருக்கேன். என் வாயைக் கழுவணும்."

டிரைவர் இடது கையால் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

டீச்சர் புதுக் கணினியில் அவன் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினார். தம்பி பின்னால் நோட்டோடு நின்றான். பேனாவைத் திறந்திருந்தான், மூட்டைதூக்கிக்கு எதிரே புதிதாக வரைந்த கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. முப்பத்தெட்டு நொடி. சாம்பல் ஓரம் வந்தது, வாய் வந்தது.

"உதட்டை மூடுங்க. மெதுவாத் திறங்க. மா."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். டிரைவரின் உதடுகள் ஒட்டிக்கொண்டு, ஒருபக்கமாகக் கோணி, திறக்காமல் நின்றன. அவர் திரையில் இருந்த பல்லைப் பார்த்தார். திரும்பித் தம்பியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை நன்றாகத் திருப்பி, தம்பியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, நீங்க காட்டுங்க என்பதுபோலக் கையசைத்தார்.

தம்பி நோட்டை மூடினான். குனிந்து, உதடுகளைச் சேர்த்தான். மெதுவாகத் திறந்தான். அவனிடமிருந்து சத்தம் வரவில்லை.

"அவசரமில்ல," என்றது அக்காவின் குரல் பின்னாலிருந்து. "இன்னொரு தடவை."

டிரைவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.