பாதரசம் தாண்டாத கோடு

பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தைந்து டிகிரி வந்துவிட்டால் வெளியே துளைபோடும் வேலை கூடாது. சைபீரியாவில், யாகூத்தியாவின் அந்தத் தங்கச் சுரங்கத்தில் இந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை; மீற வாய்ப்பே வரவில்லை. அலுவலக வாசலில் அரசு முத்திரையோடு தொங்கியது பாதரச வெப்பமானி. பாதரசமோ முப்பத்தொன்பதிலேயே உறைந்து கல்லாகிவிடும். ஆகவே பதினோரு குளிர்காலமாக அங்கே குளிர் அதைத் தாண்டியதே இல்லை. தலைமைப் பொறியாளர் புரோகோப்பி தினமும் காலையில் அதைப் பார்ப்பார். "முப்பத்தொன்பதுதான். கிளம்புங்கடா!" என்பார்.

துளைப்பொறி ஓட்டும் எர்ச்சிமுக்குப் போன வருடமே இரண்டு விரல் போயிற்று. இனியும் கடுங்குளிரில் பொறியைப் பிடித்தால் மிச்சமும் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அபாய மதிப்பீடு செய்ய நகரத்திலிருந்து வந்த குன்னேயைத்தான் அவன் மலைபோல் நம்பியிருந்தான்.

அவள் எந்தக் குளிரிலும் உறையாத சாராயம் நிரப்பிய புத்தம்புதிய வெப்பமானியைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினாள். பத்தே நிமிடத்தில் துள்ளினாள்.

"ஐம்பத்து மூணு! இன்னிக்கு வேலை கிடையாது, தலைவரே."

புரோகோப்பி அசரவில்லை. கருவியோடு வந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஐம்பதுக்குக் கீழ போனா இது கெட்டுப்போகும்னு போட்டிருக்கே! படிச்ச பொண்ணு, இரக்கமே இல்லாம வெளிய மாட்டி வெச்சிருக்கியே? உள்ள கொண்டா!"

அடுப்போரம் மான்தோலை விரித்து அதைப் பக்குவமாகக் கிடத்தினார். அது பூஜ்யத்துக்கு மேலே இருபத்திரண்டு காட்டியது.

"அப்ப எர்ச்சிம்?" என்றாள் குன்னேய்.

வாசலில் நின்ற எர்ச்சிமின் பக்கம் புரோகோப்பி திரும்பினார்.

"டேய், நீ பொறந்தப்போ இப்படி ஏதாச்சும் தாள் கூட வந்துச்சா?"

எர்ச்சிம் நிஜமாகவே யோசித்தான். "இல்லீங்க தலைவரே."

"பின்னே என்ன? எழுதும்மா. கருவிக்கு அபாயம் அதிகம், தடுத்தாச்சு. ஆளுக்கு, முத்திரை போட்ட கணக்குப்படி முப்பத்தொன்பது."

குன்னேய் கத்தினாள், கெஞ்சினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முத்திரை இல்லாத கருவியின் அளவு படிவத்தில் செல்லாது என்பது அவளுக்கே தெரியும். எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

எர்ச்சிம் மேலங்கியோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

"தப்பா நெனைக்காதம்மா. பொத்தானை மட்டும் போட்டு விடுறியா? வெரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கழுத்துவரை ஒரு பொத்தான் விடாமல் போட்டாள். அவன் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.