ட்ராமெல் தொட்ட பெட்டி

"இன்னும் கொஞ்சம் பூசுங்க," என்றாள் ஒலீட்டா.

சவ அலங்காரம் செய்பவர் மறுபடியும் தூரிகையை அவள் கணவர் வெர்லனின் கீழுதட்டுக்குக் கொண்டுபோனார். மெழுகு வைத்து, அதன் மேல் தோல் நிறச் சாயம் பூசி, அந்த மனிதர் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டார். ஆனாலும் கருகிய இடம் தெரியத்தான் செய்தது. வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரிந்தது. இடது கை விரல்களுக்கு அவ்வளவு பாடு இல்லை. அவற்றின் மேல் வலது கையை வைத்து மறைத்துவிட்டார்கள்.

கிதார் கம்பியில் இடது கை, மைக்கில் உதடு, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்த வெர்லன். ஷெரீஃபின் ஆள் அப்படித்தான் விளக்கினான். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்த ஒலீட்டா, பாட்டு பாதியில் நின்றதைக் கேட்டுச் சிரித்திருந்தாள். மனுஷனுக்கு வழக்கம்போல் அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்தாள்.

பாடகர் ஹாலிஸ் ட்ராமெல் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் காலணி முதல் கழுத்துப்பட்டை வரை எல்லாவற்றையும் நாஷ்வில்லில் ஏலம் விட்டார்கள். டென்னஸியில் ட்ராமெல் பாட்டு ஒலிக்காத வீடு உண்டா? தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற வெர்லன் அங்கே போய், பாடகரின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் ஒரு மைக்கையும் எடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த மெத்தை விரிப்பில் சுற்றி, கைக்குழந்தையைப்போல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெட்டியின் பிளக்கில் ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் பின் கிடையாது. எப்போதோ ஒரு கச்சேரியில் இரைச்சல் வந்ததென்று ட்ராமெல் அதைக் குறடால் வெட்டி எறிந்திருந்தார். ஏலக்காரர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடகர் தம் கையாலேயே செய்த மாற்றம் என்று ஒலிபெருக்கியில் பெருமையடித்தார்கள், கூட்டமும் கைதட்டியது.

மாற்றிவிடு என்று ஒலீட்டா சொன்னாள், மகள் டார்லாவும் சொன்னாள். வெர்லன் பேச்சைத் தட்டவில்லை. கடைக்குப் போய்ப் புது பிளக் வாங்கி வந்தார். மாற்ற உட்கார்ந்த நேரத்தில்தான் பிரெண்டிஸ் வந்து சேர்ந்தார்.

பிரெண்டிஸுக்கு ஒரு கொட்டகை நிறைய இப்படிப்பட்ட பெட்டிகள் இருந்தன. அந்த வட்டாரத்தில் பழைய சாமான் சேர்ப்பவர்களுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். புது பிளக்கைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். அதை மாற்றினால் இது ட்ராமெல் பெட்டி இல்லை, வெறும் பெட்டி என்றார். அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் எர்த் இல்லாமல்தானே வாசித்தோம், செத்தா போனோம் என்று சிரித்தார். வெர்லனும் சிரித்தார். புது பிளக் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. ஒலீட்டா காபி ஊற்றிக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். விருந்தாளி முன்னால் நச்சரிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டாள்.

மாற்றவேண்டாமென்று நான்தான் சொன்னேன் என்று பிரெண்டிஸ் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அவளுக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான். அழக்கூட வேண்டாம், சொன்னால் போதும்.

அவர் சவப்பெட்டியைத் தூக்கினார். தேவாலயத்தில் எழுந்து நின்று, வெர்லன் தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனார், அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்குமா என்று பேசினார். முன் வரிசையில் யாரோ ஆமென் சொன்னார்கள்.

புதைத்துவிட்டு வந்ததும் வீடு நிறைந்துவிட்டது. பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கு சாலட்டும் மேஜையில் இடம் போதாமல் ஜன்னல் விளிம்பு வரை வந்துவிட்டன. பிரெண்டிஸ் அவளைப் பெட்டி இருந்த பின்னறைக்கு வரச் சொன்னார். சொல்லப்போகிறார் என்றுதான் அவளும் நம்பிப் போனாள்.

"ஒலீட்டா, இது இனிமே உங்க கண்ணு முன்னாடி இருக்க வேணாம். நான் எடுத்துக்கறேன். உங்களுக்கு நஷ்டம் வராது."

அவர் பெட்டியின் ஓரத்தைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு. மருமகன் கையில குடுத்து அந்த ஒயரை மாத்திக் கீத்தி வைக்காதீங்க. இருக்கிறபடியே இருக்கட்டும்."

ஒலீட்டா குனிந்து பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினாள். மைக்கை இணைத்திருந்த மிக்ஸர் என்ற ஒலிக் கருவியையும் போட்டாள். பெட்டியின் விசையைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வுகள் சூடேற, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் கிளம்பியது. கிதார் பக்கத்தில் தாங்கியில் நின்றது.

"பாடுங்க," என்றாள். "கிதாரைப் பிடிச்சுக்கிட்டு, மைக்ல வாயை வச்சு. ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு எடுத்துட்டுப் போங்க, காசே வேணாம்."

"என்ன ஒலீட்டா இது."

"எர்த் இல்லாமத்தானே வாசிச்சோம்னீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உறுமல் அடுத்த அறைக்கும் போயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் பிரெண்டிஸின் முகம் சிவந்தது. பொல்லாத ரோஷக்காரர். கை கிதாரை நோக்கி மெல்ல எழுந்தது. எழட்டும் என்றுதான் ஒலீட்டா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரெண்டிஸ், அதைத் தொடாதே."

கையில் தட்டோடு வாசலில் அவர் மனைவி ஜூனெல் நின்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரத்தைக் காட்டிச் சொல்வதுபோல்தான் சொன்னாள். பிரெண்டிஸின் கை இறங்கியது.

இரண்டே வார்த்தை. காபி ஊற்றிய அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையும் ஒலீட்டாவின் வாய்க்குள்தான் இருந்தன. அவள் விசையை அணைத்தாள். உறுமல் சட்டென்று நிற்கவில்லை, தேய்ந்து தேய்ந்து அடங்கியது. இனி பிரெண்டிஸ் என்ன சொன்னாலும் அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஜூனெல் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஒலீட்டா ஜன்னலருகே போனாள். புல்வெளியைக் கடந்து வண்டிவரை போகிறவரை ஜூனெல் அந்தப் பிடியை விடவில்லை. கைப்பைக்குள் சாவியைத் தேடவேண்டியிருந்தது. அதை ஒரு கையாலேயே தேடினாள்.