எத்தனை பஸ்

இரண்டு வருடமாக ஆறுச்சாமிக்குச் சாயங்கால வேலை ஒன்றுதான். கோவை துடியலூர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, மகள் மோகனப்பிரியாவுக்குக் கல்யாண வலைத்தளத்தில் மாப்பிள்ளை பார்ப்பார். அவளுடைய முதல் கல்யாணம் பெங்களூரில் முறிந்து நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு வரனாகத் திறப்பார், நேரே அடியில் இருக்கும் முகவரிக்குப் போவார், மூடுவார். ஒன்றுகூடத் தேறியதில்லை. கண்ணில் நீர் வடிந்ததுதான் மிச்சம்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. மனிதர் உட்கார்ந்து செய்யும் கிளிக்குகளை, ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராம் எழுதிக் கம்ப்யூட்டரையே செய்ய வைப்பதுதான் ஐடி கம்பெனியில் அவள் பிழைப்பே. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எதெது இருந்தா வேண்டாம்னு தள்ளறீங்கன்னு மட்டும் சொல்லுங்ப்பா. ஒவ்வொன்னா தொறந்து பாக்கறதை இது பாத்துக்கும்."

"நம்ம கூட்டமா, ஒரே குலமா இருந்தா பங்காளியாயிரும், ஆகாது. வயசு நாப்பதுக்குள்ள. குடிக்கக் கூடாது." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் தயங்கினார். "அப்பறம்... காந்திபுரத்துலிருந்து ஒரே பஸ்ல போற ஊரா இருக்கோணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகக்கூடாதுங்க அம்மணி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதையும் எழுதி, ஓடவிட்டாள். பக்கங்கள் தாமாகத் திறந்து மூடின. டீ ஆறுவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு வரன்களும் முடிந்தன. தேறியவர் ஒருவருமில்லை.

"இதுக்குமே ஒன்னும் தேறல பாருங்க," என்றார் ஆறுச்சாமி. வருத்தப்பட வேண்டிய இடத்தில் குரல் நிம்மதியாக வந்தது. அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

யார் எதனால் தள்ளப்பட்டார் என்றும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தது. மற்றதெல்லாம் பொருந்தி, பஸ்ஸால் மட்டுமே விழுந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

"எனக்கும் ஒரு துணை வேணும்னு ஆசை இருக்குதுங்ப்பா," என்றாள் மெதுவாக.

அவள் கல்யாணம் முறிந்த நாள் அவர் கண்முன் வந்தது. பெங்களூரிலிருந்து அவள் போன் செய்தது காலை ஏழு மணிக்கு. இவர் நான்கு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை பெட்டியோடு புருஷன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. மாப்பிள்ளை தேடுவதாக நினைத்துக்கொண்டு, மறுபடியும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதோ என்ற பயத்தைத்தான் இத்தனை நாளும் அவர் கிளிக் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"அந்த பஸ்ஸை எடுத்துப்போடுங்க அம்மணி," என்றார்.

"எடுக்க வேண்டாங்ப்பா. இருங்க."

ஏதோ திருத்தி மறுபடி ஓடவிட்டாள். இருபத்து மூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். ஊர்ப்பெயர் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம், 'அப்பா வந்து சேர' என்ற தலைப்போடு. முதல் வரியில், கொடுமுடி: மூன்று பஸ், நான்கு மணி நேரம்.

ஆறுச்சாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்திருந்தார்.

"நாலு மணி நேரமெல்லாம் ஆகாதுங்க. ஈரோட்டுல பஸ் ரெடியா நின்னா மூணே முக்காலுக்கு வந்துபோடுவேன்," என்றார். பிறகு, இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "பையன் பேரென்னங்க அம்மணி?" என்று கேட்டார்.