திருத்தப்பட்ட இனம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் கதவுகள் ஒரு சாண் குறையும். இந்த ஆண்டு இடுப்பளவுக்கு வந்திருந்தன. நானும் என் கணவர் செல்லமுத்துவும் தவழ்ந்துதான் உள்ளே போவோம். தோட்டத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

தனி வீடு கேட்டு மனுப் போட்டிருந்தேன். நாங்கள் ஏன் ஏழைகள் என்பதை முதலில் உறுதி செய்யவேண்டுமாம். வறுமைத் திணைக்களம் கொழும்பிலிருந்து குகதாசன் என்ற அதிகாரியை அனுப்பியது. அவர்களுடைய படிவத்தில் தமிழர் இரண்டு வகை. அவர் இலங்கைத் தமிழர். நாங்கள் இந்தியத் தமிழர். இந்தியாவை நாங்கள் பார்த்ததில்லை.

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முதுகை அளந்தார்.

“கூனல். இது உங்கட இனத்தின்ர குணம்.”

“கதவு சின்னதுங்கய்யா.”

“படிவத்தில கதவுக்கு இடமில்லை.”

ஏழ்மைக்குக் காரணம் என்ற இடத்தில் ‘இனம்’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது பாதை இல்லை. எங்கள் தோட்டத்துக்குப் பாதை வாரம் ஒருமுறைதான் வரும். பக்கத்துக் காம்பரா, எங்களுடையதைப் போன்ற ஒற்றை அறை, காலியாக இருந்தது. அதில் தங்கினார்.

முதல் நாள் தலையை இடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் இடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய கழுத்துப்பட்டி தரையைக் கூட்டியது. ஆறாம் நாள் கங்காணி அவரையும் கொழுந்து பறிக்க அனுப்பினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு இரக்கம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

எட்டாம் நாள் பாதை வந்தது. அதில் சாரதாதேவி என்ற வேறோர் அதிகாரி வந்தாள்.

“என்னைத் தெரியேல்லையோ? பத்து வருஷம் ஒரே மேசையில இருந்தனாங்கள்,” என்றார் குகதாசன்.

அவள் அவர் முதுகை அளந்தாள். “முந்தி உங்கட இனத்தைப் பிழையாப் பதிஞ்சிருக்கினம்.” படிவத்தில் அதை அடித்து ‘இந்தியத் தமிழர்’ என்று திருத்தினாள்.

“கதவு, மிஸ்! கதவுதான் காரணம்!”

“உங்கட ஆக்கள் எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை.”

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஏழ்மைக்கு இனமே காரணம் என்பது நிரூபணமாகிவிட்டது. குகதாசன்தான் சான்று. இனத்தை வீடு கட்டி மாற்ற முடியாது. ஆகவே என் மனு தள்ளுபடி.

குகதாசன் மூலையில் குந்தி அழுதார்.

“வெளிய போயி அழுவுங்க. தரை ஈரமானா காயாது,” என்றேன்.

அவருடைய கைபேசி அடித்தது. நான் எடுத்தேன். கொழும்பிலிருந்து அவர் மனைவி.

“திணைக்களத்துத் தச்சர் வந்து எங்கட வாசலை மேலயிருந்து அடைச்சுக்கொண்டு வாறாங்கள். நீங்கள் ஆர் கதைக்கிறது?”

“உங்க சொந்தக்காரிங்க.”

அவளுக்குப் பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. எந்த முழங்காலை முதலில் ஊன்ற வேண்டும் என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை.