பெட்டி மாறும்போது

அவள் கணவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் பாம்புச் செவி. அவன் அதை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்வது அவன் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரார் பல்லை ராவிக்கொண்டே நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பான். தூள் படிந்த கையோடு எழுந்துபோய் ஸ்பீக்கரை விரற்கடை அளவு நகர்த்திவிட்டு வந்து, "இப்பதான் பாடகி நடுவுல வந்து நிக்கிறா" என்பான். அவளுக்குப் பாடகி எங்கேயும் வந்து நின்றதாகத் தெரிந்ததில்லை.

அவள் தொழில் வேறு. மின்னணுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடம் ஒன்றில் ஒலிப் பிரிவு அவளுடையது. அங்கே ஒரு கருவி நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஓயாத வழக்கு இது ஒன்றுதான். அவன் புதுக் கேபிள் வாங்கி வருவான். அவள் அளந்து பார்த்துவிட்டு, "நல்லா காதுல பூ சுத்தியிருக்காங்க" என்பாள்.

"காது இருக்கறவனுக்குத்தானே பூ சுத்த முடியும்" என்பான் அவன்.

சென்ற ஆண்டு அவளுடைய அக்கா இறந்துபோனாள். தாயில்லாத வீட்டில் இவளை வளர்த்து ஆளாக்கிய அக்கா. இவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் போன் செய்தாள், அந்த வாரமே வேலைக்கும் போனாள். "கல்நெஞ்சுக்காரி" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வலிக்குமா என்று கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தாள். வலிக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளிலும் எல்லாம் அளவோடுதான் இருந்தன. ஆக, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அவன் ஒருவன்தான் வேறு மாதிரி சொன்னான். ஒருநாள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, சாதாரணமாக.

"உன் குரல் மாறிப்போச்சு."

"சளியா இருக்கும்."

"சளி இல்ல. அதே குரல்தான். உள்ள ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

"எத்தனை ஹெர்ட்ஸ் மாறியிருக்கு?" என்று கேட்டாள். அவன் சிரித்தான், பேச்சை விட்டுவிட்டான்.

அவளால் விட முடியவில்லை. தனக்குள் ஏதோ நின்றுபோயிருக்கிறது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி அவன் காதுதான். அவளுக்கு எதுவும் தெரியவில்லை, எந்தக் கருவியும் காட்டவில்லை, அவன் மட்டும் சொல்கிறான். அந்தக் காது மெய்யாக இருந்தால், அவள் கல் இல்லை. தன்னிடம் முன்பு ஏதோ இருந்திருக்கிறது, இப்போது இல்லை, அவ்வளவுதான். இத்தனை வருட வழக்கில் முதல்முறையாக அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது டாக் வந்து சேர்ந்தது. பாட்டு எண்களாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றுகிற பெட்டிக்கு டாக் என்று பெயர். வீட்டிலிருந்த பழையது சோப்புப் பெட்டி அளவு. புதியதைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஒரு வாரம் கேட்டுவிட்டு அவன் தீர்ப்புச் சொன்னான்: "மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

அவள் இரண்டையும் தன் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய் அளந்தாள். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு, கருவியில் ஏதாவது கோளாறா என்று ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற நண்பன் ஒருவன் உண்டு. மருந்துக்கடை வைத்திருக்கிறான். மருத்துவர் எழுதியதையே இரண்டு தடவை போன் போட்டுக் கேட்பான் என்பதால் அவனுக்குச் சந்தேகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவன் புதுப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணே, வெறும் சர்க்கரை மாத்திரையக் குடுத்துட்டு, புது மருந்து, வெளிநாட்டுலேருந்து வந்ததுன்னு சொன்னா பாதிப் பேருக்குத் தலைவலி போயிடும். உங்க பெட்டியும் அந்த ரகம்தான்."

"கண்ணை மூடிக்கிட்டு உக்காரறேன். மாத்தி மாத்திப் போடு. தப்பாச் சொன்னா பேரை எடுத்துடு."

"யாரு மாத்தறது? நானா?"

"உங்க அண்ணி மாத்தட்டும். அவ பொறந்ததிலேருந்தே எதிர்க்கட்சி. அதுல சந்தேகமே வேண்டாம்."

"வேண்டாம்னா நான் கெளம்பட்டுமா?" என்றான் சந்தேகம். மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அவளுக்கு எப்போதும் தெரியும்.

பெட்டிகளுக்கு முன்னால் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள். இரண்டில் எது துளி சத்தம் கூடுதலோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். அதற்குச் சத்தமாகத் தெரியாது, இனிமையாகத்தான் தெரியும். அதனால் மீட்டரை வைத்துக் கடைசி இலக்கம் வரைக்கும் இரண்டையும் சமன் செய்தாள். பாட்டு வரும் கருவிக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சுவிட்சை வைத்தாள். இந்தப் பக்கம் தள்ளினால் பழையது, அந்தப் பக்கம் தள்ளினால் புதியது. சந்தேகம் நடையில் நின்று காசைச் சுண்டிப் பூவா தலையா என்று விரலால் காட்ட, அவள் தள்ளினாள்.

"இது புதுசு" என்றான் கணவன், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சரி.

"இதுவும் புதுசு." சரி.

"இப்ப பழசு." சரி.

பாதிக்கு வந்தபோது, தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். அவன் ஒன்றுகூடத் தவறவில்லை.

"ஒத்துக்கறேண்ணே" என்று சந்தேகம் கையைத் தூக்கினான். "இனிமே என் கடை மாத்திரையையும் காதுகிட்ட ஆட்டிப் பாத்து வாங்குங்க. ஆமா, எப்படித் தெரியுது?"

"புதுசுல ஒரு ஆழம் இருக்குடா. எப்படிச் சொல்றது... பெட்டி மாறினதும் பாட்டு மறுபடி எழும்பறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்."

அன்று மாலை முழுக்க அவளுக்குள் ஏதோ லேசாக இருந்தது. நிம்மதி என்று சொல்ல முடியாது. நிம்மதிக்கு வைத்த காலி இடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அவன் சொன்ன கடைசி வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. பாட்டு எழும்புவதற்கு முன்னாடி எப்படித் தெரியும்?

மறுநாள் அவன் பல்செட் கொடுக்க வெளியே போயிருந்தபோது, அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, சுவிட்சைத் தானே தள்ளிப் பார்த்தாள். பழையதற்கு மாற்றினால் பாட்டு சட்டென்று தொடர்ந்தது. புதியதற்கு மாற்றினால் ஒரு மூச்சு பிந்தி வந்தது. தன்னிடம் வந்து சேரும் எண்களின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ள அந்தப் பெரிய பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது. பதிவு செய்து கணினியில் போட்டுப் பார்த்தாள். ஒரு குட்டை மௌனம், ஒரு நெட்டை மௌனம். ஆனைக்கும் அடி சறுக்கும். சத்தத்தைக் கடைசி இலக்கம் வரை சமன் செய்தவள், நடுவில் விழுந்த மௌனத்தைச் சமன் செய்ய மறந்துவிட்டிருந்தாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். பல் மருத்துவர்களுக்குக்கூடக் கதையைச் சொல்லிவிட்டான். அவளுக்கும் சாட்சி கையில் இருக்கும். ஆனால் கோளாறு என்று தெரிந்த சோதனையை வைத்துக்கொண்டு அவளால் எதையும் நம்ப முடியாது. அந்தப் பழக்கம் அழுகை மாதிரி அவளை விட்டுப் போய்விடவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் எப்போதும் பாட்டு போய்க்கொண்டே இருக்கும்படி ஒயரை இரண்டாகப் பிரித்தாள். சுவிட்சைப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒலி வெளியே வரும் பக்கத்தில் மாட்டினாள். இனி எங்கே தள்ளினாலும் இடைவெளி கிடையாது.

"இன்னொரு தடவை உக்காருங்களேன்" என்றாள். வேலை இல்லாத ஒரு பிற்பகல். வீட்டில் இருவர் மட்டும். காசையும் அவளே சுண்டினாள்.

"இது புதுசு" என்றான் உடனே. தவறு. அடுத்தது சரி. அதற்கடுத்தது தவறு. போகப்போக அவன் குரல் தயங்கியது. "இது பழ... இரு, இரு. இன்னொரு தரம் போடு." போட்டாள். நாற்காலி கிரீச்சிட்டது.

"எத்தனை சரி?"

"பாதி."

"பாதியாவது வந்துச்சே."

"காசு சுண்டினாலும் பாதி வரும்ங்க."

இடைவெளியைப் பற்றிச் சொன்னாள். அவன் எழுந்துபோய் மேசையில் கிடந்த ஒரு பல்வரிசையை எடுத்து, இல்லாத தூசியை ஊதினான்.

"அப்ப அன்னிக்கு நான் சொன்னது பொய்யா?"

"இல்ல. நீங்க கேட்டது நெஜம். அந்தச் சின்ன இடைவெளியைக் கேட்டீங்க. ஆழம்னு பேர் வச்சீங்க."

"சொல்லாமலே விட்டிருக்கலாம் நீ."

"விட்டிருக்கலாம்."

"பின்ன ஏன்?"

"எனக்கு உங்க காது வேணும்ங்க."

"அதான் பிச்சு எடுத்துட்டியே" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தும் அவள் சிரிக்கவில்லை.

"என் குரல் மாறிப்போச்சுன்னு சொன்னீங்களே. உள்ள ஆள் இல்லாத மாதிரின்னு. அது?"

அவன் பல்வரிசையைக் கீழே வைத்தான்.

"தெரியலம்மா. இப்ப சத்தியமாத் தெரியல. உங்க அக்கா போனது எனக்குத் தெரியும். நீ அழலைங்கறதும் தெரியும். தெரிஞ்சவன் காது. பெட்டி மேல பேரைப் பார்த்துட்டுக் கேக்கற மாதிரிதான்."

நேர்மையான பதில். கூடத்தில் யாராவது இப்படிப் பேசினால் அவள் பாராட்டியிருப்பாள். சாட்சி கூண்டிலிருந்து இறங்கிவிட்டது, இறக்கியவளும் அவளேதான். இது வலிக்க வேண்டும் என்று நினைத்தாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

திரைக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"உக்காருங்க. கண்ணை மூடிக்குங்க."

"எதுக்கு? பாட்டே இல்லையே."

"நான் பேசறேன்."

என்ன பேசுவது என்று அவள் யோசித்திருக்கவில்லை. அக்கா முடி வெட்டியது வாயில் வந்தது. "பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின நாள் அக்கா எனக்கு முடி வெட்டினா. அடுப்படிக் கத்திரி. ஒரு பக்கம் ஏறிப்போச்சு. அதுக்குச் சமமா இந்தப் பக்கம் வெட்டினா. இது ஏறிப்போச்சு. மறுபடி அந்தப் பக்கம். கடைசில காதுக்கு மேல போயிடுச்சு. நான் அழுதேன்."

சொல்லிக்கொண்டு போகையில் அவளுக்கே அது கேட்டது. அக்கா, கத்திரி, அழுதேன் எல்லாம் ஒரே உயரத்தில் வந்தன. கூடத்தில் சோதனை முடிவை வாசிக்கிற குரல். எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. மீட்டர் இல்லை, திரையில் கோடு இல்லை, பக்கத்தில் நின்று சொல்ல ஆளும் இல்லை. வெறும் காதில் கேட்டது. அவள் நிறுத்தினாள்.

"ம்" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து. "அப்புறம்?"

"அப்புறம் அவளும் தன் முடிய அதே மாதிரி வெட்டிக்கிட்டா" என்று அவள் அதே குரலில், அதைக் கேட்டுக்கொண்டே, தொடர்ந்தாள்.