வீட்டோடு மாப்பிள்ளையின் ஹெட்போன்

மாமனார் வீட்டில் குடியேறியபோது, 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று மாப்பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. மாமனாருக்குக் காது மந்தம். கண் விழித்ததும் டிவியை அலற விடுவார். செய்தியோ சமையலோ, எல்லாம் ஒரே கூச்சல். மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுப்பாள். மாப்பிள்ளைக்கென்று அந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது.

அதனால்தான் அந்தப் பெரிய ஹெட்போனை ஆசைப்பட்டு வாங்கினார். போனில் செருகிச் சத்தத்தை முழுசாக ஏற்றியும், அடுத்த தெருவில் யாரோ முனகுவது போலத்தான் கேட்டது. தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் சிரித்தார். "யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா எப்படி சார்? இது முந்நூறு ஓம். உங்க போனுக்கு அவ்வளவு தெம்பு இல்ல. சத்தத்த ஏத்தித் தர ஆம்ப் வேணும்."

விரல் நீளத்தில் ஒரு ஆம்பைக் கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். பாட்டு எழுந்து உட்கார்ந்தது, நடக்கவில்லை. பிறகு செங்கல் மாதிரி ஒன்றைச் சுவர் பிளக்கில் செருகி, குமிழைத் திருகினார். மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் நிற்பதையே மறந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு சார், இது மூடாத மாடல். உள்ள பாடறது வெளியிலயும் கேக்கும்" என்று கடைக்காரர் சொன்னது காதில் ஏறவில்லை.

அந்தச் செங்கல் ஆம்பையும் வாங்கிவந்து படுக்கையறையில் உட்கார்ந்த பிறகு, வீட்டில் ஏறியது. "என்னங்க, 'மிஸ், பின்னாடி யாரு பாடறா'ன்னு பசங்க சிரிக்கிறாங்க. ஹாலுக்குப் போங்களேன்" என்றாள் மனைவி.

ஹாலில் சும்மா இருந்த ஒரே பிளக், மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில். வயரோ குட்டை. கட்டுத்தறியில் கட்டிய மாடு போல மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, காதுல கிண்ணத்தக் கவுத்து வச்சிருக்கீங்க? குடுங்க பாப்போம்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? பெரியவர் மாட்டிக்கொண்டு குமிழைத் தானே திருகினார். திருகத் திருக முகம் மாறியது.

"புல்லாங்குழல்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "எத்தன வருஷமாச்சு மாப்ள, இதெல்லாம் கேட்டு!" கண் கலங்கியிருந்தது. கையை நீட்டி டிவியை அணைத்தார்.

அதன்பின் ஹெட்போனைத் திருப்பிக் கேட்க மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது பெரியவர் அதை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பாட்டு மாப்பிள்ளையின் போனில்; போன் ஆம்பின் வயரில்; பெரியவருக்குப் போனைத் தொடத் தெரியாது. "அடுத்தது", "இது வேணாம்", "அதையே இன்னொரு தடவ." கை கால் கழுவக்கூட அனுமதி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. வரிசையாகப் பாட்டைப் போட்டுவிட்டு மெதுவாக நழுவப் பார்த்தால், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தனை வருடம் நாக்கு நுனியிலேயே வைத்திருந்ததை மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"நாம தனியா ஒரு வீடு பாத்தா என்ன?"

அவள் அதிர்ந்து போனாள். "போன மாசம் கேட்டிருந்தா சரின்னிருப்பேங்க. அப்பா இப்பதான் சிரிக்கிறாரு. நீங்க போய்ட்டா பாட்டு யாரு மாத்துவா?"



"மாப்ள!" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "பாட்டு நின்னுடுச்சு!"

"வரேன் மாமா" என்று எழுந்து போனார்.